பூனை வாந்தி எடுப்பது சகஜமா?

கேள்வி: எங்கள் வீட்டுப் பூனை பொன்னிக்கு எட்டு வயது. கருத்தடை அறுவை செய்த பெண் பூனை. நான்கு மாதங்களாக வாரத்துக்கு இரண்டு முறையாவது வாந்தி எடுக்கிறது. சில நாள் முடியோடு கலந்து வருகிறது. சில நாள் அதிகாலையில் மஞ்சள் தண்ணீர் மட்டும் வருகிறது. தயிர்ச்சோறு, மீன், கடையில் வாங்கும் உலர்தீனி என்று எல்லாமே சாப்பிடுகிறது, விளையாடவும் செய்கிறது. ஆனால் தூக்கும்போது முன்னைவிட இலேசாக இருப்பதுபோல் தோன்றுகிறது. ‘பூனை என்றால் வாந்தி எடுக்கத்தான் செய்யும், பல்லியைத் தின்றிருக்கும்’ என்கிறார் என் மாமியார். பக்கத்து வீட்டில், குழந்தைகளுக்குக் கொடுக்கும் வாந்தி மருந்தில் அரை மூடி கொடுக்கச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா? எந்த நிலையில் மருத்துவரிடம் ஓட வேண்டும்?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, அந்த மருந்தை இன்று மட்டுமல்ல, என்றைக்குமே கொடுக்காதீர்கள். பொன்னியின் நிலை இன்றிரவே வண்டி பிடித்து ஓட வேண்டிய நிலை அல்ல. ஆனால் இந்த வாரத்துக்குள் ஒரு கால்நடை மருத்துவர் அவளைத் தொட்டுப் பார்த்தாக வேண்டும். அவ்வளவு உறுதியாக நான் சொல்வதற்குக் காரணம், உங்கள் கடிதத்தில் வாந்தியைப் பற்றிய வரிகள் அல்ல. தூக்கும்போது இலேசாக இருக்கிறாள் என்று நீங்கள் தயங்கி எழுதிய அந்த ஒரு வரிதான். தினமும் தூக்குகிற கைக்குத் தெரியும் எடைக்குறைவு பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். நான்கு கிலோ பூனை நானூறு கிராம் இழந்தால் அது உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு. அறுபது கிலோ மனிதர் ஆறு கிலோ இளைத்ததற்குச் சமம். வாரம் இரண்டு முறை, நான்கு மாதம் என்றால் பொன்னி இதுவரை முப்பது தடவைக்கு மேல் வாந்தி எடுத்திருக்கிறாள். இதைச் சகஜம் என்று சொல்ல என்னால் முடியாது.

முடியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பூனை வாந்தி என்றாலே பலரும் இந்த இடத்தில்தான் சமாதானம் அடைந்து நின்றுவிடுகிறார்கள். பொன்னி உங்கள் கையை நக்கும்போது சொரசொரவென்று உப்புக்காகிதம் தேய்ப்பதுபோல் இருக்கும் அல்லவா? அவள் நாக்கின் மேல் தொண்டையை நோக்கி வளைந்த சிறு முட்கள் வரிசையாக இருக்கின்றன. உடம்பை நக்கிச் சுத்தம் செய்யும்போது உதிரும் முடி அந்த முட்களில் சிக்கிக்கொள்ளும். அதைத் துப்ப அவளால் முடியாது, விழுங்கத்தான் வேண்டும். ஆரோக்கியமான வயிறும் குடலும் இந்த முடியைக் கொஞ்சம் கொஞ்சமாக மலத்தோடு வெளியே தள்ளிவிடுகின்றன. அப்படித் தள்ள முடியாமல் தங்கிப்போன முடிதான் சுருட்டுபோல் நீண்டு உருண்டு வாந்தியில் வருகிறது. சில மாதங்களுக்கு ஒருமுறை இப்படி வந்தால், அதிலும் நீளமுடி கொண்ட பெர்ஷியன் வகைப் பூனையாக இருந்தால், கவலைப்பட வேண்டியதில்லை. வாரந்தோறும் வருகிறது என்றால், ஒன்று அவள் அளவுக்கு மீறி நக்கிக்கொள்கிறாள், அதாவது தெள்ளுப்பூச்சியோ தோல் அரிப்போ மன உளைச்சலோ இருக்கிறது. அல்லது குடல் தன் வேலையைச் சரியாகச் செய்யவில்லை. ஆக, முடி வருவது பல சமயம் நோயின் அடையாளமே தவிர, நோய்க்குக் காரணம் அல்ல. முடியைக் காரணம் என்று எண்ணி, முடியுருண்டைக்கென விற்கும் பசையை மாதக்கணக்கில் நக்கக் கொடுத்துவிட்டு, குடல் சுவர் தடித்துப்போன நிலையில் கொண்டுவரப்பட்ட பூனைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, அவள் எடுப்பது வாந்திதானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். வாந்திக்கு முன் பூனை உதட்டை நக்கும், எச்சில் விழுங்கும், இடம் தேடி அலையும்; பிறகு வயிறு உள்ளிழுத்து உள்ளிழுத்து ஓங்கரிக்கும். இந்த வயிற்றசைவு எதுவுமே இல்லாமல், சாப்பிட்ட சில நிமிடங்களில் தலையைத் தாழ்த்தியதும் செரிக்காத உணவு அப்படியே குழாய் வடிவில் வந்து விழுந்தால், அது எதுக்களித்தல். கோளாறு உணவுக்குழாயில் இருக்கலாம், அல்லது அவசரமாக விழுங்கியதாக இருக்கலாம். தரையோடு தரையாகப் பதுங்கி, கழுத்தை நீட்டி, கக்குவதுபோல் செய்துவிட்டு ஒன்றுமே வெளியே வராவிட்டால், அது ஆஸ்துமா இருமலாகவும் இருக்கலாம். இந்த மூன்றையும் வாயால் விவரிப்பது கடினம் என்பதால், அடுத்த முறை அவள் உதட்டை நக்கத் தொடங்கியதும் கைபேசியில் படம் பிடித்துவிடுங்கள். அரை நிமிடக் காணொளி எனக்குப் பல சமயம் எக்ஸ்ரேயைவிட உதவியாக இருந்திருக்கிறது.

எப்போது ஓட வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குப் பதில் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு வயது நிரம்பாத ஓர் ஆண் பூனை நினைவுக்கு வருகிறது. பூக்கட்டி விற்கும் குடும்பம் ஒன்று அதை வளர்த்தது. காலையிலிருந்து நான்கு முறை வாந்தி, சாப்பிடவில்லை என்று கொண்டுவந்தார்கள். வயிற்றை அழுத்திப் பார்த்தேன், காய்ச்சல் பார்த்தேன், ஊசி போட்டு அனுப்பிவிட்டேன். மறுநாள் காலையில் இன்னும் சோர்ந்து வந்தபோதுதான் வாயைத் திறந்து, தாடைக்கு அடியிலிருந்து கட்டைவிரலால் நாக்கை மேலே தூக்கிப் பார்த்தேன். நாக்கின் வேரில் ஒரு வெள்ளை நூல் சுற்றி, சதையை அறுத்துக்கொண்டு உள்ளே இறங்கியிருந்தது. முல்லைப்பூச் சரத்தின் நூல். ஒரு முனை நாக்கில் மாட்டிக்கொள்ள, மறுமுனையைக் குடல் கீழே இழுத்துக்கொண்டே போயிருந்தது. வயிற்றைத் திறந்தபோது, நாடா கோத்த பாவாடை இடுப்புபோல் குடல் முழுதும் அந்த நூலில் சுருங்கிக் கொசுவிக் கிடந்தது. இன்னும் ஒருநாள் போயிருந்தால் நூல் குடலை அறுத்திருக்கும். அந்தப் பூனை பிழைத்தது. முதல் நாளே நாக்கைத் தூக்கிப் பார்த்திருக்க வேண்டும் என்ற வருத்தம் எனக்கு இன்றுவரை உண்டு. அதன்பிறகு வாந்தி என்று வரும் எந்தப் பூனையையும் நாக்கின் அடியைப் பார்க்காமல் நான் அனுப்பியதில்லை. உங்கள் வீட்டிலும் பூச்சரமும் தையல் நூலும் இருக்கும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்குவதைக் கண்டால் தயவுசெய்து பிடித்து இழுக்காதீர்கள். இழுப்பதே குடலை அறுத்துவிடும். அப்படியே மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள்.

ஒரே நாளில் மூன்று முறைக்கு மேல் வாந்தி வந்தாலும், குடித்த தண்ணீரே தங்காமல் திரும்பி வந்தாலும், வாந்தியில் இரத்தமோ காப்பித்தூள் கரைசல்போன்ற கருநிறமோ மல நாற்றமோ இருந்தாலும், பூனை சுருண்டு ஒளிந்துகொண்டாலும், அன்றைக்கே போக வேண்டும். மேலுதட்டைத் தூக்கி ஈறைத் தொட்டுப் பாருங்கள்: இளஞ்சிவப்பாக வழுவழுவென்று ஈரமாக இருப்பது நல்லது, விரலில் ஒட்டினால் உடலில் நீர் வற்றுகிறது, வெளுத்தோ மஞ்சளாகவோ இருந்தால் நிலைமை மோசம். ஆண் பூனை வாந்தியோடு சேர்த்து அடிக்கடி மணல்தட்டில் போய் உட்கார்ந்து முக்கினால், பலரும் மலச்சிக்கல் என்று எண்ணி விளக்கெண்ணெய் கொடுக்கிறார்கள். அது சிறுநீர் அடைப்பாக இருக்கக்கூடும். அடைத்த சிறுநீரால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி ஓரிரு நாளில் இதயமே நின்றுவிடும். நள்ளிரவானாலும் காத்திருக்கக் கூடாது. தடுப்பூசி போடாத குட்டி வாந்தி எடுத்துச் சோர்ந்தால் பார்வோ வகையைச் சேர்ந்த வைரஸ் நோயாக இருக்கலாம். வெள்ளணுக்களை அழித்துவிடும் அந்த நோயில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

நஞ்சு தனிக் கதை. வீட்டில் நாம் பயப்படாமல் வைத்திருக்கும் பொருள்களே பூனைக்கு எமனாக இருக்கின்றன. பாரசிட்டமாலை உடைத்து வெளியேற்றும் நொதி பூனையின் ஈரலில் போதிய அளவு கிடையாது. நமக்குச் சாதாரணமான 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று ஒரு பூனையின் உயிரைப் பறிக்கப் போதும். பூங்கொத்தில் வரும் லில்லிப் பூவின் இதழ், மகரந்தம், அது நின்ற சாடித் தண்ணீர் எல்லாமே சிறுநீரகத்தை அழிக்கும். முதல் சில மணி நேரம் வாந்தி எடுத்துவிட்டுப் பூனை தேறியதுபோல் தெரியும், மூன்று நாளுக்குள் சிறுநீரகம் செயலிழந்துவிடும். தேறிவிட்டது என்று நம்பிக் காத்திருந்தவர்கள்தான் பூனையை இழந்திருக்கிறார்கள். நம் வேலியோரச் செங்காந்தளின் கிழங்கும் கொடிய நஞ்சே. தரை துடைத்த பினாயில் காயுமுன் அதில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கும் பூனையும், நாய்க்கான தெள்ளுப்பூச்சி மருந்தைக் கழுத்தில் தடவிக்கொண்ட பூனையும் வாந்தியோடும் நடுக்கத்தோடும் வருவதுண்டு. இவற்றில் எது நடந்தாலும் உப்புக்கரைசல் கொடுத்துக் கக்கவைக்க முயலாதீர்கள். உட்கொண்டதன் உறையை எடுத்துக்கொண்டு நேரே கிளம்புங்கள்.

பக்கத்து வீட்டு மருந்துக்கு இப்போது வருகிறேன். நம் உடல் தாங்கும் பல மருந்துகளைப் பூனையின் ஈரல் தாங்காது என்பது ஒரு காரணம். நூல் விழுங்கிய பூனையின் கதையே இன்னொரு காரணம்: குடல் அடைபட்டிருக்கும்போது வாந்தியை மட்டும் அடக்கினால், நமக்கு எச்சரிக்கை மணி அடித்துக்கொண்டிருந்த ஒரே அறிகுறியும் மறைந்துவிடும். பூனைக்கென்றே பாதுகாப்பான வாந்தித் தடுப்பு மருந்துகள் இருக்கின்றன. காரணத்தைப் பார்த்த பிறகு மருத்துவர் அவற்றைக் கொடுப்பார்.

மாமியார் சொன்ன பல்லியை நான் ஒதுக்கிவிட மாட்டேன். பல்லியின் விஷம் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் வெப்ப நாடுகளில், பல்லியைத் தின்னும் பூனைகளுக்குப் பித்தநாளத்தில் தங்கும் ஒரு தட்டைப்புழு தொற்றுவது உண்டு. அது பெருகினால் வாந்தி, உடல் மெலிவு, மஞ்சள் காமாலை எல்லாம் வரும். வழக்கமான குடற்புழு மருந்துக்கு அது சாகாது. பொன்னி பல்லி வேட்டைக்காரி என்றால் அதை மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள். மாமியார் கவனித்தது வீண்போகாது.

பரிசோதனையில் என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டால் உங்களுக்கு அச்சம் குறையும். எட்டு வயதில் நான் முதலில் பார்ப்பது சிறுநீரகம், ஈரல், சர்க்கரை. நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டே இளைப்பதால் தைராய்டையும் பார்க்கச் சொல்வேன், அது இன்னும் வயதான பூனைகளிலேயே மிகுதி என்றாலும்கூட. சிறுநீரகத்தின் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பழுதாகும்வரை இரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவு ஏறாது என்பதால் சிறுநீரையும் சோதிக்க வேண்டும். வயிற்று ஸ்கேனில் குடல் சுவரின் தடிமன் தெரியும். எல்லாம் ஒழுங்காக இருந்தால் மிஞ்சுவது பெரும்பாலும் உணவு ஒவ்வாமையும் நாள்பட்ட குடல் அழற்சியும். அப்போது அவள் இதுவரை தின்றிராத ஒரே வகை இறைச்சியை மட்டும் சில வாரங்கள் கொடுத்துப் பார்ப்போம். பல பூனைகளுக்கு இரண்டே வாரத்தில் மாற்றம் தெரியும். அந்த நாள்களில் வீட்டில் ஒருவரும் பரிவுகொண்டு ஒரு துண்டு கருவாடுகூடப் போட்டுவிடக் கூடாது. உங்கள் ஊருக்கு அருகே ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. உள்ளூரில் ஸ்கேன் வசதி இல்லாவிட்டால் அங்கே போகலாம்.

அதுவரை வீட்டில் செய்யக்கூடியது கொஞ்சம்தான். தயிர்ச்சோற்றை நிறுத்திவிடுங்கள், பூனை இறைச்சி உண்ணும் பிராணி, அதற்குச் சோறு வயிற்றை நிரப்புமே தவிர உடம்பை வளர்க்காது, பால் பொருள்களை வளர்ந்த பூனைகள் பலவற்றால் செரிக்கவும் முடியாது. உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் சேராமல் வேகவைத்த கோழிக்கறியை நாளைக்கு நான்கைந்து முறை சிறு சிறு அளவாகக் கொடுங்கள். வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்த அணுக்களைச் சிதைப்பவை. அதிகாலை மஞ்சள் நீர் என்பது வெறும் வயிற்றில் வரும் பித்தம். இரவு படுக்குமுன் ஒரு வாய் கொடுத்தால் அது குறையக்கூடும். வாந்தி எடுத்த பிறகு சில மணி நேரம் வயிற்றுக்கு ஓய்வு கொடுக்கலாம், தண்ணீரை மட்டும் எடுக்காதீர்கள். ‘பட்டினி போட்டால் சரியாகும்’ என்று நாள் முழுக்கப் பட்டினி போடவே கூடாது. இரண்டு மூன்று நாள் உண்ணாத பூனைக்கு, அதிலும் பருத்த பூனைக்கு, உடலின் கொழுப்பெல்லாம் ஈரலில் போய்ப் படிந்து, வாந்தியைவிடப் பெரிய ஆபத்து வந்து சேரும். பொன்னி ஒருநாள் முழுவதும் சாப்பிடாமல் இருந்தால், வாந்தி இல்லாவிட்டாலும் அழைத்துச் செல்லுங்கள்.

நாளைக் காலையே அவளை ஒரு கூடையில் வைத்துத் தெருமுனை மளிகைக்கடையின் மின்னணுத் தராசில் நிறுத்துப் பாருங்கள். வெறுங்கூடையின் எடையைக் கழித்து, சமையலறை நாட்காட்டியில் அன்றைய தேதியின் ஓரத்தில் எழுதிவையுங்கள். வாந்தி வரும் நாளில் நேரம், நிறம், சாப்பிட்டு எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதையும் அதே தாளில் குறியுங்கள். அந்தத் தாள்களையும் காணொளியையும் மருத்துவரிடம் காட்டிவிட்டு, முடிவுகள் வந்ததும் எனக்கு எழுதுங்கள். எடையை மட்டும் கிராம் கணக்கில் எழுத மறக்காதீர்கள்.