‘உன் இஷ்டம்’ என்கிறார் கணவர்... பதவி உயர்வை ஏற்கலாமா?

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு வயது 38. கும்பகோணத்தில் ஒரு பொதுத்துறை வங்கியில் 14 வருடமாக கிளார்க். குழந்தை சின்னவள், மாமியாருக்கு முடியவில்லை என்று இரண்டு முறை பிரமோஷன் பரீட்சையே எழுதாமல் விட்டேன். இந்த முறை எழுதி ஆபீசராகத் தேர்வாகிவிட்டேன். போஸ்டிங் கோயம்புத்தூர். கணவருக்கு இங்கே பாத்திரக் கடை, விட்டுவிட்டு வர முடியாது. மகள் ஏழாம் வகுப்பு.

ஆர்டரைக் காட்டினேன். ‘உன் இஷ்டம்’ என்று சொல்லிவிட்டுக் கடைக்குக் கிளம்பிவிட்டார். மாமியார் அன்று ராத்திரி சாப்பிடவில்லை. மகள் படுக்கும்போது, ‘நீ போயிட்டா எனக்கு யாரும்மா ரெட்டைச் சடை பின்னிவிடுவாங்க?’ என்றாள். என்னிடம் வேலை கற்றுக்கொண்ட பிள்ளைகளில் மூன்று பேர் இன்று மேனேஜர்கள். நான் அதே கவுண்டரில். ஆசைப்படுவது தப்பா? ஒரு வாரத்தில் பதில் சொல்ல வேண்டும். தூக்கமே வரவில்லை.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புச் சகோதரிக்கு,

தப்பே இல்லை. 14 வருட உழைப்புக்கு வந்த ஆர்டர் அது.

‘உன் இஷ்டம்’ என்ற இடத்தில்தான் என் மனம் நின்றுவிட்டது. கேட்கும்போது அனுமதி மாதிரி இருக்கும். நாளை மகளுக்கு மார்க் குறைந்தாலும், மாமியாருக்குச் சுகர் ஏறினாலும், ‘நீதானே முடிவு பண்ணினே’ என்று உங்கள் பக்கமே திரும்பும். போகாமல் இருந்தாலோ, அந்த ஏக்கமும் உங்களுக்கு மட்டும்தான். தூக்கத்தைக் கெடுப்பது இந்தத் தனிச் சுமைதான் என்று நினைக்கிறேன்.

அதனால் போவதா வேண்டாமா என்பதை இரண்டு நாள் ஒத்திவையுங்கள். கடை மூடிய பிறகு கணவரோடு உட்கார்ந்து, காலை ஐந்தரையிலிருந்து ஒன்பது வரை வீட்டில் நீங்கள் செய்வதையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். பால் காய்ச்சுவது, அத்தைக்கு மாத்திரை, டிபன் பாக்ஸ், சடை. ஒவ்வொன்றுக்கும் எதிரே இனி யார் என்று அவர் கையாலேயே எழுதட்டும். சமையலுக்கு ஆள் வைத்தால் என்ன சம்பளம் என்பதையும் சேர்த்து. ‘பார்த்துக்கலாம்’ என்றால் விடாதீர்கள்.

மகள் ‘போகாதே’ என்று சொல்லவில்லை, யார் பின்னுவார்கள் என்றுதான் கேட்டிருக்கிறாள். ஏழாம் வகுப்புப் பெண்ணுக்குக் கொஞ்ச நாளில் தானே பின்ன வந்துவிடும். கண்ணாடி முன்னால் உட்காரவைத்துக் கற்றுக்கொடுங்கள். அவள் அப்பாவும் கற்றுக்கொள்ளட்டும். மாமியார் சாப்பிடாதது கோபமாக இல்லாமல் பயமாகவும் இருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

இன்னொன்று. மணமான பெண் ஊழியர்களைக் கூடுமானவரை கணவர் இருக்கும் ஊரிலோ பக்கத்திலோ பணியமர்த்தும்படி 2014-இல் மத்திய நிதி அமைச்சகம் பொதுத்துறை வங்கிகளைக் கேட்டுக்கொண்டது. அதைக் குறிப்பிட்டு தஞ்சாவூர், திருச்சி பக்கம் கேட்டு மனு கொடுங்கள். கிடைத்தே தீரும் என்று சொல்ல மாட்டேன். கோவைதான் என்றாலும், இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை வங்கி விடுமுறை. வெள்ளி ராத்திரி பஸ் ஏறினால் விடியும்போது வீட்டில் இருக்கலாம். மற்ற வாரங்கள் கஷ்டம்தான், அதை மறைக்க மாட்டேன்.

இவ்வளவும் பேசிய பிறகு வேண்டாம் என்று உங்களுக்கே தோன்றினால் மறுத்துவிடுங்கள். அடுத்த வாய்ப்பு எப்போது என்று யூனியனில் கேட்டுக்கொண்டு மறுங்கள். அந்தத் தாளில் அவர் பக்கம் காலியாகவே இருந்தால், இருவரும் சேர்ந்து ஒருமுறை நேரில் வாருங்கள்.