தனியாகத் தொழில் தொடங்கும் ஹேர் ஸ்டைலிஸ்ட் நிலையான வாடிக்கையாளர்களை எப்படிச் சேர்ப்பது?

சலூன் ஒன்றில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, கோயம்புத்தூரில் தம் வீட்டு முன்னறையிலேயே பெண்களுக்கான முடி அலங்காரத் தொழிலைத் தொடங்கியிருப்பதாகக் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். கையில் தொழில் இருந்தும் நாற்காலி பெரும்பாலும் காலியாகவே இருக்கிறது, மணப்பெண் அலங்காரத்தில் இறங்கலாமா, இன்ஸ்டாகிராம் விளம்பரத்துக்குப் பணம் போடலாமா, பழைய சலூனின் வாடிக்கையாளர்களை அழைக்கலாமா என்பவை அவருடைய கேள்விகள். நானும் இதே ஊரில் வடவள்ளிப் பக்கம் ஓர் அறை வைத்துத் தனியாகவே இந்தத் தொழிலைச் செய்து வருகிறேன் என்பதால், எனக்குச் சரியென்று பட்டதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

புதியவர்களை எப்படி வரவழைப்பது என்ற கேள்வியைவிட, வந்த ஒருவர் இரண்டாவது முறை எப்போது வருவார் என்ற கேள்விக்குத்தான் நீங்கள் முதல் ஆண்டில் அதிகம் உழைக்க வேண்டும். இதற்கு முடியின் வளர்ச்சியே நமக்குக் கணக்குச் சொல்லிவிடுகிறது. தலைமுடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அல்லது சற்றுக் கூடுதலாக வளர்கிறது. நரையை மறைக்க கலர் செய்துகொள்ளும் ஒரு பெண்மணிக்கு நான்காவது வாரத்திலேயே வகிட்டில் வெள்ளைக் கோடு தெரியத் தொடங்கிவிடும். ஐந்து வாரத்துக்கு ஒருமுறை அவர் ரூட் டச் அப், அதாவது வேரோரம் புதிதாக வளர்ந்த முடிக்கு மட்டும் கலர் செய்துகொண்டால், ஆண்டுக்கு ஏறத்தாழ 10 முறை உங்கள் நாற்காலியில் உட்காருவார். அப்படி 60 பேர் கிடைத்தால் ஆண்டுக்கு 600 வருகை. 300 வேலை நாள் என்று வைத்தால் நாளொன்றுக்கு இரண்டு வேலை உறுதி. அதற்கு மேல், மூன்று மாதத்துக்கு ஒருமுறை முடி வெட்டிக்கொள்ளும் 100 பேர் சேர்ந்தால் இன்னும் 400 வருகை. தனி ஆளாக வேலை செய்யும் ஒருவருக்கு இது போதுமான அடித்தளம். ஆயிரக்கணக்கானோரைத் துரத்தத் தேவையே இல்லை. உங்கள் வீட்டிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டர் சுற்றளவில் வசிக்கும் நூற்றறுபது பெண்களின் நம்பிக்கையைப் பெற்றால் போதும்.

ஆகவே நரை மறைக்கும் வேலையை மிக நன்றாகச் செய்பவர் என்ற பெயரை முதலில் எடுங்கள் என்பது என் உறுதியான கருத்து. இளம் தொழில்முனைவோர் பலர் பாலயாஜ் (கற்றை கற்றையாக நிறமேற்றுவது), குளோபல் கலர் (தலை முழுக்க ஒரே நிறம்), கெரட்டின் (முடியை மென்மையாக்கும் ஸ்மூத்தனிங் வகை) என்று படத்தில் அழகாகத் தெரியும் வேலைகளின் பின்னால் போகிறார்கள். அவையும் வேண்டியவைதான், ஆனால் ஒருமுறை ஸ்மூத்தனிங் செய்துகொண்டவர் அடுத்த சில மாதங்களுக்கு உங்கள் பக்கமே வரத் தேவையில்லை. நாற்பதைத் தாண்டிய வங்கி ஊழியரும், ஆசிரியையும், பேரப்பிள்ளையின் காதுகுத்துக்குத் தயாராகும் பாட்டியும் ஐந்து வாரத்துக்கு ஒருமுறை தவறாமல் வருவார்கள். அவர்களோடு மகளும் மருமகளும் வருவார்கள்.

இந்த வேலையில் நம்பிக்கை வளர்வது நாற்காலியில் உட்கார வைத்தபின் நீங்கள் கேட்கும் கேள்விகளில்தான். கடந்த ஓராண்டில் தலையில் என்னென்ன போட்டீர்கள் என்பதைப் பொறுமையாகக் கேளுங்கள். கறுப்பு மருதாணி என்ற பெயரில் கடைகளில் விற்கும் தூள்கள் பலவற்றில் சாயங்களில் பயன்படும் பிபிடி என்ற வேதிப்பொருள் கலந்திருக்கிறது. சில கலவைகளில் உலோக உப்புகளும் இருக்கும். அவற்றைப் போட்ட முடியின் மேல் நம் சாயத்தோடு கலக்கும் பெராக்சைடு பட்டால் சூடேறி முடி நாசமாகக்கூடும். எனவே சந்தேகம் இருந்தால் ஒரு சிறு கற்றையில் முதலில் சோதித்துப் பாருங்கள். புதியவர் எவருக்கும் காதுக்குப் பின்புறமோ முழங்கையின் உட்புறமோ சிறிதளவு சாயம் தடவி 48 மணி நேரம் பார்க்காமல் முழுத் தலைக்கும் கலர் போடாதீர்கள். 'இத்தனை வருஷமா எனக்கு யாரும் இப்படிப் பண்ணினதே இல்லை' என்று சிலர் சலித்துக்கொள்வார்கள். ஆனால் அந்தச் சோதனைக்காக ஒருவர் உங்கள் இடத்துக்கு இரண்டு நாள் முன்பே வந்து போகிறார். பணம் வாங்காமல் பத்து நிமிடம் அவரோடு பேச உங்களுக்கு வாய்ப்புக் கிடைக்கிறது. என் நீண்ட நாள் வாடிக்கையாளர்களில் பலர் அந்தப் பத்து நிமிடத்தில் என்னை நம்பத் தொடங்கியவர்கள்.

செய்த வேலையை அன்றன்றே எழுதி வையுங்கள். ஷேடு எண், எந்த டெவலப்பர் (சாயத்தோடு கலக்கும் பெராக்சைடு), எத்தனை நிமிடம், நெற்றியோரத்து நரை எளிதில் பிடித்ததா, பிடிவாதமாக நின்றதா, காபி குடிப்பவரா, கழுத்து வலி உள்ளவரா என்பது வரை எல்லாமே அந்தக் குறிப்பில் இருக்க வேண்டும். நரை மறைக்கப் பெரும்பாலும் 20 வால்யூம், அதாவது 6 சதவீத டெவலப்பரையே பயன்படுத்துகிறோம் என்றாலும், ஒவ்வொரு தலையும் அதை ஏற்கும் விதம் வேறு. அடுத்த முறை அவர் வரும்போது நீங்கள் குறிப்பைப் பார்த்து, சென்ற முறை வலது நெற்றியோரத்தில் நரை சற்று மீதம் தெரிந்ததல்லவா, இன்று அங்கிருந்து தொடங்குகிறேன் என்று சொன்னால், அவர் வேறு கடையைத் தேடிப் போவதற்கான காரணம் பெருமளவு குறைந்துவிடும். பெரிய சலூன்களில் வேலை செய்யும் பெண்கள் அடிக்கடி மாறுவதால் இந்தத் தொடர்ச்சியை அங்கே காப்பது கடினம். தனியாக இருப்பவருக்கு உள்ள பெரிய பலம் இதுவே.

நம் ஊரில் தண்ணீரைப் பற்றியும் கேட்க வேண்டும். சிறுவாணித் தண்ணீரைச் சமையலுக்கும் குடிக்கவும் வைத்துக்கொண்டு, குளிக்க ஆழ்குழாய்க் கிணற்றின் உப்புத் தண்ணீரைப் பயன்படுத்தும் வீடுகள் இங்கே ஏராளம். அந்தத் தண்ணீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் முடியில் படிந்து அதைச் சொரசொரப்பாக்கும். கலரும் விரைவில் மங்கும். கடைசி இரண்டு குவளையையாவது நல்ல தண்ணீரில் அலசுங்கள் என்று சொல்லி அனுப்புங்கள். பொருள் எதையும் விற்காமல் சொல்லும் இத்தகைய அறிவுரையைத்தான் அவர்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் உங்கள் பெயரோடு சேர்த்துப் பகிர்வார்கள்.

விலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். திறப்பு விழாச் சலுகையாகப் பாதி விலை என்று அறிவிக்காதீர்கள். பாதி விலைக்கு வந்தவருக்கு அதுவே உங்கள் விலையாக மனதில் பதிந்துவிடும். முழு விலையைக் கேட்கும் நாளில் அவர் அடுத்த சலுகையைத் தேடிப் போவார். அதற்குப் பதிலாக, வெட்டிய மூன்றாவது வாரத்தில் முன்நெற்றி முடியை மட்டும் இலவசமாகச் சரிசெய்து தருவதாகச் சொல்லுங்கள். உங்களுக்கு ஐந்து நிமிட வேலைதான். ஆனால் அது அவரை மீண்டும் உங்கள் வாசலுக்குக் கொண்டுவரும். முடியைத் தொடும் தொழிலை நம் சமூகம் சாதியின் பெயரால் தலைமுறை தலைமுறையாகத் தாழ்த்தி வைத்திருந்ததன் மிச்சம்தான், துணிக்கடையில் அச்சிட்ட விலையைக் கேள்வி கேட்காமல் கொடுப்பவர்கூட நம்மிடம் ஐம்பது ரூபாய்க்குப் பேரம் பேசுவது என்று நான் நினைக்கிறேன். விலைப்பட்டியலைச் சுவரில் தெளிவாக மாட்டுங்கள். எல்லோரிடமும் ஒரே விலையை வாங்குங்கள். சொந்தக்காரர்களிடமும்தான்.

மணப்பெண் அலங்காரம் குறித்துக் கேட்டிருந்தீர்கள். செய்யுங்கள், ஆனால் அதையே அடித்தளமாக நினைக்காதீர்கள். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை. புரட்டாசியிலும் பல குடும்பங்கள் திருமணம் வைப்பதில்லை. அந்த மாதங்களிலும் வாடகையும் மின்கட்டணமும் வந்துகொண்டேதான் இருக்கும். அதைவிட முக்கியமான ஒன்று, மணப்பெண் பெரும்பாலும் திருமணம் முடிந்ததும் வேறு ஊருக்கோ நாட்டுக்கோ போய்விடுகிறார். எவ்வளவு அழகாக ஜடை பின்னி, ராக்குடியும் குஞ்சலமும் வைத்து அனுப்பினாலும், அவர் உங்கள் நிரந்தர வாடிக்கையாளராவது அரிது. இங்கேயே இருக்கப்போகிறவர்கள் அவருடைய அம்மா, சித்தி, அத்தை, அண்ணி ஆகியோர். ஆகவே மணப்பெண்ணுக்கு அட்வான்ஸ் வாங்கும் நாளிலேயே, அம்மாவின் நரைக்குத் திருமணத்துக்கு நான்கைந்து நாள் முன்பு கலர் செய்துவிடலாமா என்று கேளுங்கள். சாயச் சோதனையையும் அட்வான்ஸ் வாங்கும் அன்றே செய்துவிடுங்கள். அதிகாலை முகூர்த்தத்துக்காக மூன்று மணிக்கு மண்டபத்தில் நிற்கும்போது, மணப்பெண்ணின் அறையில் தலை வாரத் தெரியாமல் தவிக்கும் பெரியம்மா ஒருவர் நிச்சயம் இருப்பார். நேரம் இருந்தால் அவருக்கு ஒரு கொண்டை போட்டுவிடுங்கள்.

வார நாட்களின் போக்கையும் மனத்தில் கொள்ளுங்கள். செவ்வாய், வெள்ளி, அமாவாசை ஆகிய நாட்களில் முடி வெட்டாத குடும்பங்கள் நம்மிடையே நிறைய உண்டு. அதை மாற்ற முயல வேண்டாம். அந்த நாட்களில் கத்தரி படாத ஹேர் ஸ்பா போன்ற வேலைகளுக்கு அப்பாயிண்ட்மென்ட் கொடுக்கலாம். குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வரும் இல்லத்தரசிகளுக்குக் காலை பத்தரை முதல் ஒரு மணி வரை வசதி. சரவணம்பட்டிப் பக்கம் ஐடி வேலைக்குப் போகிறவர்களுக்குச் சனியும் ஞாயிறும்தான் கிடைக்கும். ஐந்து வாரத்துக்கு ஒருமுறை வருபவர் எழுந்து பணம் கொடுக்கும்போதே, அடுத்த தேதியைக் குறித்துக் கொடுத்துவிடுங்கள். பிறகு கூப்பிடுகிறேன் என்று போகிறவர்கள் மறந்துபோவது இயல்பு.

கைப்பேசியைப் பொறுத்தவரை, முதலில் கூகுள் மேப்பில் உங்கள் தொழிலிடத்தைப் பதிவுசெய்யுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. பக்கத்தில் பார்லர் எங்கே என்று தேடுகிறவர் இன்றே வரக்கூடியவர். வேலை முடிந்து அவர் கண்ணாடியில் பார்த்துச் சிரிக்கும் அந்த நிமிடத்தில் மதிப்புரை எழுதும்படி கேளுங்கள். அதற்காகத் தள்ளுபடியோ பரிசோ தராதீர்கள். கூகுளின் விதிகள் அதை அனுமதிப்பதில்லை. வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் ஒவ்வொருவருக்கும் லேபிள் போட்டு, ரூட் டச் அப் வாடிக்கையாளர்களைத் தனியாகப் பிரித்து வைக்கலாம். உங்கள் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்தவர்களுக்கு மட்டுமே பிராட்காஸ்ட் செய்தி (பலருக்கு ஒரே நேரத்தில் அனுப்புவது) போய்ச் சேரும் என்பதால், பணம் வாங்கும்போதே எண்ணைச் சேமிக்கச் சொல்லுங்கள். பண்டிகை வாழ்த்துப் படங்களால் அந்த வழியை நிரப்பிவிடாதீர்கள்.

இன்ஸ்டாகிராமில் உங்கள் ரீலை டெல்லியில் இருப்பவர் லட்சம் பேர் பார்த்தாலும் கோயம்புத்தூரில் உங்கள் நாற்காலி நிரம்பாது. படம் போடுங்கள், ஒரே இடத்தில், ஒரே பகல் வெளிச்சத்தில், ஃபில்டர் இல்லாமல், செய்வதற்கு முன்னும் பின்னும் எடுத்துப் போடுங்கள். முகம் தெரியாமல் பின்தலை மட்டும் எடுத்தாலும் அனுமதி கேட்டே எடுங்கள். பணம் கொடுத்து விளம்பரம் செய்தே ஆக வேண்டுமென்றால், உங்கள் இடத்தைச் சுற்றிச் சில கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் அது காட்டப்படும்படி எல்லையை அமைத்துக்கொள்ளுங்கள். என் அனுபவத்தில் விளம்பரத்தைவிட, தெருமுனையில் பிளவுஸ் தைக்கும் அக்காவும், மெஹந்தி போடும் பெண்ணும், சேலைக்கு மடிப்பு வைத்துக் கொடுப்பவரும் அனுப்பிவைத்தவர்களே அதிகம் நிலைத்தார்கள். அவர்களுக்கு நானும் வாடிக்கையாளர்களை அனுப்புகிறேன். எங்களுக்குள் கமிஷன் கிடையாது.

இன்னொரு வழியைப் பலர் கவனிப்பதில்லை. வெளியே வர முடியாதவர்கள் நம் ஊரில் எவ்வளவோ பேர் இருக்கிறார்கள்: இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் இருக்கும் முதியவர்கள், பிரசவம் முடிந்த பெண்கள், நினைவு மங்கிப்போன அம்மாவைத் தனியே விட்டு நகர முடியாத மகள்கள். வாரத்தில் ஒரு பிற்பகலை அவர்களுடைய வீடுகளுக்குப் போவதற்காக ஒதுக்குங்கள். சிக்குப் பிடித்த முடியைப் பொறுமையாகப் பிரித்து, குட்டையாக வெட்டி, ஈரத் துணியால் கழுத்தைத் துடைத்துவிடும்போது அந்த முதியவரின் முகம் மாறுவதைப் பார்ப்பதற்காகவே இதைச் செய்யலாம். அந்த வீட்டுப் பெண்கள் எல்லோரும் பிறகு உங்களிடம்தான் வருவார்கள் என்பதும் உண்மை.

கடைசியாக, பழைய சலூனின் வாடிக்கையாளர்கள். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, ஒருவர் தம் தொழிலைச் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தங்களைச் செல்லாதவை என்கிறது. ஆகவே, வேலையை விட்டபின் இதே ஊரில் தொழில் செய்யமாட்டேன் என்று உங்களிடம் எழுதி வாங்கியிருந்தாலும் அது பொதுவாக நிற்காது. ஆனால் அந்தச் சலூனின் பதிவேட்டிலிருந்தோ கணினியிலிருந்தோ தொலைபேசி எண்களை எடுத்து வந்து அழைப்பது வேறு விஷயம். அந்தப் பட்டியல் உங்களுடையதல்ல, அதை எடுத்ததற்காக அவர்கள் உங்கள் மேல் வழக்குத் தொடரவும் இடமுண்டு. நீங்கள் தொடங்கியிருப்பதை உங்கள் சொந்தப் பக்கத்தில் அறிவியுங்கள். அதைப் பார்த்து அவர்களாகத் தேடி வந்தால் தயங்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். வருபவர் நீங்கள் ஐந்து ஆண்டு கலர் போட்ட தலையாகவே இருந்தாலும், இடையில் அவர் வேறு எங்கே என்ன போட்டுக்கொண்டார் என்பது உங்களுக்குத் தெரியாது; ஆகவே அவருக்கும் குறிப்பேட்டில் புதிய பக்கம் திறந்து, காதுக்குப் பின்னால் சாயம் தடவி, இரண்டு நாள் கழித்து வரச்சொல்லுங்கள்.