எந்த மிரரிலிருந்து டவுன்லோடு செய்வது?

கேள்வி: பழைய லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடலாம் என்று அதன் தளத்துக்குப் போனேன். டவுன்லோடு பக்கத்தில் நாடு நாடாக நீளமான பட்டியல் வருகிறது. ஏதோ ஒன்றைத் தொட்டேன், பாதியில் நின்றுவிட்டது. எதைத் தேர்ந்தெடுப்பது? தப்பான சர்வரை எடுத்தால் வைரஸ் வந்துவிடுமா?

பதில்: அந்தப் பட்டியலில் இருப்பவை எல்லாம் ஒரே கோப்பின் நகலை வைத்திருக்கும் சர்வர்கள். இவற்றைத்தான் 'மிரர்' என்கிறார்கள். பல்கலைக்கழகங்களும் இணைய நிறுவனங்களும் இலவசமாக இடம் கொடுத்து வைத்திருக்கின்றன. எதை எடுத்தாலும் கைக்கு வருவது ஒன்றுதான், வேகம் மட்டுமே மாறும்.

உண்மையில் இந்தத் தேர்வை உங்கள் தலையில் கட்டியிருக்கவே கூடாது. விஎல்சி வீடியோ பிளேயரின் தளத்தில் டவுன்லோடு பொத்தானை அழுத்தினால், நீங்கள் எங்கிருந்து வருகிறீர்கள் என்று பார்த்து அதுவே பக்கத்து மிரருக்கு அனுப்பிவிடுகிறது. ஒரு பொத்தான், வேண்டியவர்களுக்கு மட்டும் கீழே பட்டியல். எல்லாத் தளங்களும் இப்படி இருக்க வேண்டும் என்பேன்.

சரி, பட்டியல்தான் இருக்கிறது என்றால்? முதலில் இந்தியாவில் உள்ளதை முயலுங்கள். ஆனால் வரைபடத்தில் பக்கம் என்பதாலேயே இணையத்திலும் பக்கம் ஆகிவிடாது. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடிக் கடலடிக் கேபிள்கள் உண்டு. உங்கள் இணைப்பைப் பொறுத்து, உள்நாட்டில் நெரிசலான ஒரு சர்வரைவிட சிங்கப்பூர் வேகமாக வரலாம். இரண்டு மூன்று மிரர்களில் அரை நிமிடம் ஓடவிட்டு, பிரவுசர் காட்டும் வேகத்தைப் பார்த்து, நல்லதை வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்திவிடுங்கள். இதைவிடச் சரியான சோதனை எனக்குத் தெரியாது.

கோப்பு ஏறக்குறைய 3 ஜிபி. வீட்டு இணைப்பு அடிக்கடி அறுந்தால் அதே பக்கத்தில் இருக்கும் டாரென்ட் இணைப்பையே எடுங்கள். டாரென்ட் என்பது பலரின் கணினிகளிலிருந்து கோப்பைத் துண்டு துண்டாக இறக்கும் முறை, அதில் சர்வர் தேர்வே இல்லை. அறுந்த இடத்திலிருந்து தொடரும், வந்த ஒவ்வொரு துண்டையும் தானே சரிபார்த்துக்கொள்ளும்.

வைரஸ் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. 2016 பிப்ரவரி 20 அன்று மின்ட் தளத்துக்குள்ளேயே புகுந்து, டவுன்லோடு இணைப்பைக் கெட்ட கோப்புக்குத் திருப்பிவிட்டார்கள். அன்று மிரர்களில் இருந்த நகல்கள் கெடவில்லை, இணைப்புதான் ஏமாற்றியது. அதனால் எங்கிருந்து எடுத்தாலும் சரிபார்ப்பதை விடாதீர்கள். விண்டோஸில் கோப்புகளைச் சுருக்கும் செவன்-ஜிப் மென்பொருள் இருந்தால், கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து எஸ்ஹெச்ஏ-256 கணக்கிடச் சொல்லுங்கள். இது கோப்பின் கைரேகை மாதிரி. 64 எழுத்துகள் வரும். மின்ட் தரும் பட்டியலில் உள்ளதோடு அது முழுதும் பொருந்த வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் அழித்துவிட்டு மறுபடி இறக்குங்கள். தளமே கைமாறினால் பட்டியலையும் மாற்ற முடியுமே என்று தோன்றலாம். அதற்காகத்தான் அந்தப் பட்டியலுக்கு டிஜிட்டல் கையொப்பமும் தருகிறார்கள். அதைச் சரிபார்க்கும் வழியும் மின்ட்டின் நிறுவல் கையேட்டிலேயே இருக்கிறது.

அப்புறம், மின்ட் போட்டு முடித்ததும் 'சாஃப்ட்வேர் சோர்சஸ்' கருவியைத் திறங்கள். மின்ட்டின் சொந்த மென்பொருளுக்கு 'மெயின்', அதன் அடித்தளமான அமைப்புக்கு 'பேஸ்' என்று இரண்டு மிரர்கள் இருக்கும். ஒவ்வொன்றையும் தொட்டால் கருவியே வேகத்தை அளந்து காட்டும். மேலே வருவதைத் தேர்ந்தெடுங்கள். அன்றாட அப்டேட்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும்.