உலகச் சுகாதாரம் படிக்க எம்பிபிஎஸ் வேண்டுமா?

மருத்துவம் படிக்காதவர் உலகச் சுகாதாரத்தில் முதுகலை சேரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் சேரலாம். லண்டன் ஸ்கூல் ஆஃப் ஹைஜீன் அண்ட் டிராபிகல் மெடிசினையே எடுத்துக்கொள்ளுங்கள். 1899இல் பேட்ரிக் மேன்சன் என்ற மருத்துவர் மாலுமிகளுக்கான மருத்துவமனையில் தொடங்கிய பள்ளி அது. இன்று அங்கே பொருளாதாரம், சமூகவியல் படித்தவர்களும் சேர்கிறார்கள். தடுப்பூசி இருந்தும் ஒரு கிராமத்துக்கு ஏன் போய்ச் சேரவில்லை என்பது மருத்துவக் கேள்வி மட்டுமல்ல. பணம், குளிர்பதன வசதி, மக்களின் நம்பிக்கை எல்லாம் அதில் இருக்கின்றன.

ஆனால் பாடத்தில் நோய்ப்பரவலியலும் (நோய் யாரிடம், எப்படி, ஏன் பரவுகிறது என்று ஆராயும் துறை) புள்ளியியலும் உண்டு. கணக்கென்றால் ஓடுபவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்! முழுநேரமாகப் படித்தால் பொதுவாக ஓராண்டு. செலவு அதிகம்தான். பிரிட்டன் அரசு வெளிநாட்டு மாணவர்களுக்குத் தரும் செவனிங் உதவித்தொகைக்கு இரண்டாண்டு வேலை அனுபவம் வேண்டும்; படிப்பு முடிந்ததும் நாடு திரும்பி இரண்டாண்டு இருக்க வேண்டும். அதனால் முதலில் வேலைக்குப் போங்கள், அப்புறம் விண்ணப்பியுங்கள்.