போர் தண்ணிக்கு ஏத்த மீன் எது? வீட்டுத் தொட்டி கேள்வி பதில்

கேள்வி அனுப்புகிறவர்கள் தொட்டியின் நீளம், அகலம், உயரம், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கிற உப்புகளின் அளவு) எவ்வளவு என்று முதலில் சொல்லுங்கள். மீன் பெயர் அதற்குப் பிறகுதான். நம்ம ராமநாதபுரம் கடலோரத்தில் தெருவுக்குத் தெரு தண்ணீர் மாறும். டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய். முதல் மீன் வாங்கும் முன்னால் அதை வாங்கிவிடுங்கள்.

ஏர்வாடி: அண்ணே, ரெண்டடிக்கு ஓரடி, ஓரடி உயரம் தொட்டி. போர் தண்ணி, டிடிஎஸ் 1800 காட்டுது. பிள்ளைக நியான் டெட்ரா கேக்குதுக. விடலாமா?

வேண்டாம் தம்பி. நியான் அமேசான் பக்கத்து மீன். அதன் சொந்த ஆற்றுத் தண்ணீரில் உப்பு என்பதே பெயருக்குத்தான், லேசாகப் புளிப்பும் இருக்கும். உங்கள் போர் தண்ணீர் அதற்கு நேர் எதிர்.

அந்தத் தண்ணீரை அப்படியே ஏற்றுக்கொள்கிற மீன்கள் குட்டி போடுகிற வகைதான்: கப்பி, மோலி, பிளாட்டி, ஸ்வார்ட்டெயில். மோலியைப் படிப்படியாகப் பழக்கினால் கடல் நீரிலேயே வாழும். 60×30×30 செ.மீ. என்றால் 54 லிட்டர். கல், மணல், மேலே விடுகிற இடம் போக 45 லிட்டர்தான் கையில் நிற்கும். அதற்கு ஆண் கப்பி மட்டும் 8 விடுங்கள். பெண் கப்பி கடையிலிருந்தே பெரும்பாலும் சினையோடுதான் வரும். ஆணே இல்லாவிட்டாலும் பழைய விந்தைச் சேமித்துவைத்து மாதம் ஒரு தடவை, பல மாதம் குட்டி போடும். ஜோடியாகத்தான் வேண்டும் என்றால் ஓர் ஆணுக்கு மூன்று பெண். எண்ணிக்கை குறைந்தால் ஆண் விரட்டி விரட்டியே பெண்ணைக் கொன்றுவிடும்.

மீனைத் தொட்டியில் விடும் முறையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கடைத் தண்ணீர் 300, உங்களுடையது 1800 என்றால் கவரை மிதக்கவிட்டுத் திறந்துவிட்டால் போதாது. மீனைக் கடைத் தண்ணீரோடு வாளியில் ஊற்றி, தொட்டியிலிருந்து ஏர் டியூபில் தண்ணீர் இறக்குங்கள். டியூபில் ஒரு முடிச்சுப் போட்டு, விநாடிக்கு இரண்டு சொட்டு விழுமாறு இறுக்குங்கள். வாளித் தண்ணீர் மூன்று மடங்கு ஆக இரண்டு மணி நேரம்கூட ஆகட்டும். பிறகு வலையில் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். வாளித் தண்ணீர் சாக்கடைக்கு.

இது உள்ளூர்க் கடை மீனுக்கு. சென்னை கொளத்தூரிலிருந்து பஸ் பார்சலில் வருகிற மீனுக்கு இந்தச் சொட்டு முறை ஆபத்து. ராத்திரி முழுக்க கவரில் மீன் கழிவிலிருந்து அமோனியா சேர்ந்திருக்கும். கூடவே சேர்ந்த கரியமில வாயு பிஎச்சைக் (தண்ணீரின் புளிப்பு, காரத்தைக் காட்டும் அளவு) கீழே பிடித்திருப்பதால் அதுவரை விஷம் ஏறாது. கவரைத் திறந்து நம் காரத் தண்ணீர் சொட்டினால் அரை மணியில் ஏறிவிடும். அதற்குத் தனித் தொட்டியில் போர் தண்ணீரையும் ஆர்ஓ தண்ணீரையும் கலந்து, கடைக்காரர் சொல்கிற டிடிஎஸ்ஸுக்கு முதல் நாளே கொண்டுவந்து வைத்திருங்கள். 15 நிமிடம் கவரை மிதக்கவிட்டு மீனை மட்டும் மாற்றுங்கள். டிடிஎஸ்ஸை ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம்.

தேவிபட்டினம்: சார், 10 பிளாட்டி விட்டேன். தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு, ரெண்டு நாளைக்கு ஒருக்கா முழுசா மாத்துறேன், ஃபில்டரையும் குழாயில கழுவுறேன். ஆனாலும் ஒண்ணொண்ணா சாகுது.

அம்மா, சுத்தம் கூடிப்போனதுதான் காரணம். மீன் கழிவிலிருந்து அமோனியா வரும். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், இன்னொன்று நைட்ரேட்டாக்கும். ஃபில்டர் ஸ்பாஞ்சில் இந்தக் கூட்டம் சேர 4 முதல் 6 வாரம் ஆகும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கழுவும்போதெல்லாம் அதைக் கொன்றுவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறீர்கள். கண்ணுக்குத் தெளிவாக இருக்கிற தண்ணீரிலும் அமோனியா இருக்கும்.

நம் பக்கம் இது மற்ற ஊரைவிடக் கடுமை. தண்ணீர் 30 டிகிரி, பிஎச் 7 என்றால் மொத்த அமோனியாவில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவாகவே விஷ வடிவில் இருக்கும். அதே சூட்டில் பிஎச் 8.2 ஆனால் நூறில் பதினோரு பங்கு. அதனால்தான் மற்ற ஊரில் 12 மீன் தாங்குகிற தொட்டியில் 8 போதும் என்கிறேன்.

இனி வாரம் ஒரு தடவை கால் பங்கு மட்டும் மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரை வாளியில் பிடித்து, ஏர் ஸ்டோன் போட்டு 24 மணி நேரம் விட்டு ஊற்றுங்கள். ஸ்பாஞ்சை, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே இரண்டு தடவை பிழிந்தால் போதும். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவுக்கு மேல் தீனி வேண்டாம். மிச்ச மீன் தேறும்வரை புதிதாக ஒன்றும் வாங்காதீர்கள்.

கீழக்கரை: காக்கா, நல்ல தண்ணியா இருக்கட்டும்னு கேன் தண்ணியில மோலி விட்டேன். ஒரே இடத்துல நின்னு உடம்பை ஆட்டிக்கிட்டே இருக்கு.

நமக்கு நல்ல தண்ணீர், மோலிக்குப் பட்டினி. ஆர்ஓ கேனில் கால்சியம், மெக்னீசியம் கிட்டத்தட்ட இருக்காது. துடுப்பை ஒடுக்கிக்கொண்டு, முன்னேறாமல் பாம்பு போல நெளிகிறதென்றால் மோலிக்கு அதுதான் அறிகுறி. தினம் 5 லிட்டர் எடுத்துவிட்டு அந்த அளவுக்குப் போர் தண்ணீர் சேருங்கள். நாலைந்து நாளில் ஆட்டம் குறைய வேண்டும். கல் உப்பு லிட்டருக்கு 1 கிராம் கைகொடுக்கும், ஆனால் அது கடினத்தன்மையைத் தராது. கொதிக்கவைத்த கிளிஞ்சல் ஒரு கைப்பிடியை ஃபில்டரில் போட்டால் அது மெல்லக் கரைந்து தரும்.

பாம்பன்: வாசல்லயே கடல். கடல் தண்ணி புடிச்சு கோமாளி மீன், கடல் குதிரை வளர்க்கலாமா?

கடல் குதிரையை மறந்துவிடுங்கள். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2001லேயே சேர்த்துவிட்டார்கள். பிடித்தாலும் வைத்திருந்தாலும் வழக்கு. பவளமும் அப்படித்தான், கரையில் ஒதுங்கிய செத்த துண்டை அழகுக்குக்கூட எடுக்க வேண்டாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. அங்கே போய்ப் பிடிக்கிற பேச்சே கிடையாது.

கோமாளி மீன் வேண்டுமென்றால் பண்ணையில் பொரித்த குஞ்சாகக் கேட்டு வாங்குங்கள். அதைப் பொரிக்க வைக்கிற முறையை மண்டபத்தில் இருக்கிற மத்திய கடல் மீன் வள ஆராய்ச்சி நிலையத்திலேயே செய்து காட்டியிருக்கிறார்கள். கடலில் அது ஒண்டி வாழ்கிற கடல் சாமந்தி இல்லாமலும் அது வாழும். தொட்டி 100 லிட்டருக்குக் குறையக் கூடாது. படகு நிற்கிற இடத்துத் தண்ணீர் ஆகாது, டீசல் மிதக்கும். மழைக்குப் பின் கலங்கிய தண்ணீரும் ஆகாது. ஹைட்ரோமீட்டரில் (உப்புத் தண்ணீரின் அடர்த்தி பார்க்கிற கருவி) 1.023 முதல் 1.025 நிற்க வேண்டும். தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு அங்கேயே தங்கும். அதனால் குறைகிற அளவுக்கு ஊற்ற வேண்டியது ஆர்ஓ தண்ணீர், கடல் தண்ணீர் இல்லை.

தொண்டி: எனக்கு ஏஞ்சல் மீன்தான் வேணும். போர் தண்ணி 1800 காட்டுது, வழியே இல்லையா?

வழி மாடியில் இருக்கிறது: மழைத் தண்ணீர். ஐப்பசி மழையில் முதல் இரண்டு மழையை விட்டுவிட்டு, மாடி கழுவிய பிறகு பிடியுங்கள். டிடிஎஸ் 20 மழைநீர் மூன்று பங்கு, 1800 போர் ஒரு பங்கு கலந்தால் 465 வரும். கடைக்கு வருகிற பண்ணை ஏஞ்சலுக்குப் போதும்.

கணக்கும் பார்த்துக்கொள்ளுங்கள். தொட்டி 100 லிட்டர், ஒன்றரை அடி உயரமாவது வேண்டும். ஏஞ்சல் செங்குத்தாக வளர்கிற மீன். வாரம் 25 லிட்டர் மாற்ற மழைநீர் 19 லிட்டர். ஜனவரியிலிருந்து செப்டம்பர் வரை 39 வாரம், ஏறக்குறைய 740 லிட்டர். ஆவியாகிறதை ஈடுகட்டவும் சேர்த்து ஆயிரம் லிட்டர் கறுப்பு டேங்க் ஒன்று, கொசு புகாமல் மூடி. அதற்கு இடம் இல்லையென்றால் ஏஞ்சல் ஆசையை விட்டுவிடுவதே நல்லது. ஏஞ்சலோடு சின்ன கப்பி விட்டால் அது தீனி.

சாயல்குடி: கோல்ட் ஃபிஷ் ஏன் சித்திரையில தப்பாம சாகுது?

அதற்கு இதமான சூடு 18 முதல் 24 டிகிரி. நம் ஓட்டு வீட்டில் தண்ணீர் 32 தொடும். 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரையும், 30ல் ஏழரைதான். கரண்டும் போய் ஏர் பம்ப் நின்றால் தாங்காது. மேல் மூடியை எடுத்துவிட்டுச் சின்ன ஃபேனை நீர்ப்பரப்பின் மேல் காட்டினால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். பேட்டரி பம்ப் ஒன்று கட்டாயம். ஐஸ் கட்டி போடாதீர்கள், திடீர் மாற்றம் இன்னும் மோசம். உண்மையில் உங்கள் ஊருக்குக் கோல்ட் ஃபிஷ் வேண்டாம். நீல கௌராமி பாருங்கள், மேலே வந்து காற்றையே குடிக்கும்.

ராமேஸ்வரம்: கடையில ரெண்டு இஞ்ச் டைகர் ஷார்க், பிரானா, சக்கர் அழகா இருக்கு. பெருசானா ஊருணியில விட்டுறலாம்ல?

விடக் கூடாது. அந்த ஷார்க் ஆந்திராவில் சாப்பாட்டுக்கு வளர்க்கிற பங்கேசியஸ், மூன்றடி தாண்டும். பிரானா என்று விற்பது பெரும்பாலும் ரூப்சந்த். மீன் மார்க்கெட்டில் கிலோ கணக்கில் பார்த்திருப்பீர்கள். சக்கர் பாசி தின்னும் என்று வாங்குகிறார்கள்; ஒன்றரை அடி வளர்ந்து தின்கிறதைவிடக் கழிவு அதிகம் போடும். ஊருணியில் விட்டால் கரையைக் குடைந்து முட்டையிடும், அப்புறம் வலையைக் கிழிக்கும். பாசிதான் தொல்லை என்றால் விளக்கை 6 மணி நேரத்துக்குக் குறையுங்கள். கண்ணாடியில் ஒட்டியதைப் பழைய ஏடிஎம் கார்டால் சுரண்டிவிடலாம்.