பழைய கன்வர்டிபிளுக்கு சஸ்பென்ஷன் மாற்றப் போகிறீர்களா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே சாயல். இருபது, முப்பது, சில நேரம் ஐம்பது வயதான கூரை திறக்கும் ஸ்போர்ட்ஸ் கார், கைக்கு வந்து சில மாதம்தான் ஆகிறது, வளைவில் நினைத்த மாதிரி திரும்பவில்லை, எந்த செட் வாங்கிப் போடலாம் என்று கேட்கிறார்கள். வாங்குவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன, அதனால் ஒவ்வொன்றாகவே வருகிறேன்.

கேள்வி: 1991 மாஸ்டா எம்எக்ஸ்-5. வளைவில் நன்றாகச் சாய்கிறது, மேட்டில் ஏறி இறங்கினால் இரண்டு மூன்று தடவை ஆடிவிட்டுத்தான் நிற்கிறது. காயிலோவர் போட்டால் சரியாகிவிடுமா?

காயிலோவரை (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்து, உயரம் மாற்றும் வசதியோடு வரும் செட்) அப்புறம் பேசுவோம். மேட்டைத் தாண்டிய பிறகும் கார் அடங்காமல் எழும்பி இறங்குகிறது என்றால் ஷாக் அப்சார்பர் வேலை செய்வதை நிறுத்திவிட்டது என்று அர்த்தம். ஸ்பிரிங்கின் வேலை காரைத் தாங்குவது, அந்த ஸ்பிரிங்கை அடக்குவது ஷாக்கின் வேலை. அடக்குகிறவன் இல்லாத இடத்தில் இன்னும் கடினமான ஸ்பிரிங்கைக் கொண்டுவந்து வைத்தால் ஆட்டம் குறையாது, வேகமான ஆட்டமாக மாறும், அவ்வளவுதான். கணக்காகச் சொன்னால் ஸ்பிரிங்கை 50 சதவீதம் கடினமாக்கினால் கார் ஆடும் வேகம் சுமார் 22 சதவீதம் கூடுகிறது, அதை அடக்க ஷாக்கும் அதே அளவு கூடுதலாக உழைக்க வேண்டும், ஏற்கெனவே ஓய்ந்துபோன ஷாக்கால் அது முடியாது.

உங்கள் காருக்கு நான்கு சக்கரத்திலும் டபுள் விஷ்போன், அதாவது ஒவ்வொரு சக்கரத்தையும் மேலே ஒன்று கீழே ஒன்று என இரண்டு கைகள் பிடிக்கும் அமைப்பு. 1989-இல் அது வந்தபோது எல்லோரும் பாராட்டியது எடை குறைவான உடம்பையும் மென்மையான ஸ்பிரிங்கையும்தான். வளைவில் கொஞ்சம் சாய்வது அந்தக் காரின் குணம், குறை என்று எண்ண வேண்டாம். நல்ல ஷாக் நான்கு, கூடவே ஷாக் தண்டில் மாட்டியிருக்கும் நுரை பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுதாக அமுங்கும்போது அடியைத் தாங்கும் துண்டு), மேலே இருக்கும் ரப்பர் மவுன்ட், இவற்றை மட்டும் புதிதாகப் போட்டு, ஸ்பிரிங் பழையதே இருக்கட்டும் என்று ஒரு மாதம் ஓட்டுங்கள். இந்த பம்ப் ஸ்டாப்பைப் பெரும்பாலானோர் கண்டுகொள்வதே இல்லை, ஆனால் இந்தக் காரில் சஸ்பென்ஷன் இறங்க இடம் குறைவு, சாதாரண ஓட்டத்திலேயே அது அடிக்கடி வேலை செய்யும். முப்பது வருடத்தில் அது பொடிப்பொடியாக உதிர்ந்து போயிருக்கும், பல கார்களில் தண்டில் தடயமே இருக்காது.

அதன் பிறகும் போதவில்லை என்று தோன்றினால் காயிலோவர் வாங்குங்கள், தப்பில்லை. ஆனால் ஷாக்கின் இறுக்கத்தை மாற்ற எத்தனை ‘கிளிக்’ என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து வாங்காதீர்கள். அந்த ஸ்பிரிங்குக்குப் பொருத்தமாக ஷாக்கின் உள்ளே வால்வு அமைத்திருக்கிறார்களா, காரை இறக்கிய பிறகு தண்டு இறங்க எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் இருக்கும், இந்த இரண்டையும் விற்கிறவரிடம் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்க வேண்டாம்.

கேள்வி: 40 மில்லிமீட்டர் இறக்கும் ஸ்பிரிங் போட்டேன். இப்போது கண்ணாடி அதிர்கிறது, ஸ்டீரிங் நடுங்குகிறது, கதவு கிரீச்சிடுகிறது. ஸ்பிரிங் தரம் சரியில்லையா?

ஸ்பிரிங்கைக் குறை சொல்ல முடியாது. கூரையுள்ள காரில் கூரையும் தூண்களும் சேர்ந்து ஒரு பெட்டி மாதிரி உடம்பை முறுக்காமல் பிடித்துக்கொள்கின்றன. கூரையை எடுத்துவிட்டால் மிஞ்சுவது தரை, நடுவில் ஓடும் டனல், கதவுக்குக் கீழே இரண்டு பக்கமும் ஓடும் சில். அதனால் திறந்த காரின் உடம்பே ஒரு ஸ்பிரிங் மாதிரிதான், அதுவும் ஷாக் இல்லாத ஸ்பிரிங். சக்கரத்தின் ஸ்பிரிங் மென்மையாக இருந்தவரை பள்ளத்தின் அடியை அது விழுங்கிக்கொண்டது, இப்போது அது விழுங்காததால் அடி உடம்புக்குப் போகிறது, உடம்பு முறுக்கிக்கொள்கிறது. முன் கண்ணாடிச் சட்டமும் ஸ்டீரிங் தண்டும் அதோடு சேர்ந்து ஆடுவதைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள்.

இதில் இரண்டு விஷயம் கலந்திருக்கலாம், பிரித்துப் பார்க்க வேண்டும். முதலில், 40 மில்லிமீட்டர் இறக்கியதில் கார் பம்ப் ஸ்டாப்பிலேயே உட்கார்ந்து ஓடுகிறதா என்று பாருங்கள். ஷாக் தண்டில் ஒரு கேபிள் டையைக் கட்டி, கீழே தள்ளி வைத்துவிட்டு, வழக்கமாகப் போகிற வழியில் நிதானமாக ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். டை எவ்வளவு மேலே தள்ளப்பட்டிருக்கிறதோ அவ்வளவு தூரம் ஷாக் அமுங்கியிருக்கிறது. சாதாரண சாலையிலேயே பம்ப் ஸ்டாப்பை அழுத்தும் அளவுக்குப் போயிருந்தால், 15 முதல் 20 மில்லிமீட்டர் காரைத் திரும்ப உயர்த்துவதுதான் மருந்து. பார்வைக்குக் கொஞ்சம் குறையும், ஓட்டுவதற்கு நிறைய கூடும்.

அடுத்தது துரு. சுவர் இருந்தால்தான் சித்திரம். கதவுகளை மூடி, கூரையைத் திறந்து வைத்து, ஒரு பக்கம் ஜாக்கி போட்டு மெதுவாகத் தூக்கிப் பாருங்கள், கதவுக்கும் உடம்புக்கும் உள்ள இடைவெளி கொஞ்சம் மாறுவது எல்லா திறந்த காருக்கும் உண்டு, ஆனால் கதவு இறுகி, திறக்கவே மறுக்கும் அளவுக்கு இடைவெளி மூடிக்கொண்டால் சில் உள்ளே தின்னப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். (ஜாக்கியில் தூக்கும்போது கதவைத் திறந்து வைக்காதீர்கள், திரும்ப மூட முடியாமல் போகலாம்.) அப்படி இருந்தால் சஸ்பென்ஷனுக்கு வைத்த பணம் முதலில் வெல்டிங்குக்குப் போகட்டும். உடம்பு நன்றாக இருந்தால் மட்டும், தரைக்கு அடியில் நீளவாட்டில் போடும் இரும்புச் சட்டம், குறுக்குத் தாங்கு கம்பி போன்றவை உண்மையிலேயே பலன் தரும். எஞ்சின் அறையில் இரண்டு ஷாக் மேல்முனைகளையும் இணைத்துப் பளபளவென்று தெரியும் டவர் பாரைவிட அடியில் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் சட்டம்தான் இந்த நடுக்கத்துக்கு அதிகம் உதவும் என்பது என் அனுபவம்.

கேள்வி: ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டிவிட்டால் போதும் என்கிறார் மெக்கானிக். சரியா?

வேண்டாம். எட்டு சுற்றில் ஒன்றை எடுத்தால் ஸ்பிரிங் ஏறக்குறைய 14 சதவீதம் கடினமாகும் என்பது உண்மைதான், ஆனால் வெட்டிய முனை அதன் இருக்கையில் சரியாக உட்காராது, சக்கரம் முழுதாகத் தொங்கும்போது ஸ்பிரிங் கழன்று நகரலாம், வெட்டும்போது சூடேறிய கம்பி அந்த இடத்தில் பலமிழந்துவிடும். இதில் பேச இதற்கு மேல் ஒன்றுமில்லை.

கேள்வி: எம்ஜிபி, 1976 மாடல். லீவர் ஷாக்கை (நெம்புகோல் கையால் இயங்கும் பழைய வகை) எடுத்துவிட்டு நீளவாக்கு ஷாக் (வழக்கமான குழாய் வகை) போடும் கிட் கிடைக்கிறது. போடலாமா? வளைவில் படகு மாதிரி ஆடுகிறது.

இந்தக் காரில் ஆடுவதற்குக் காரணம் ஷாக் மட்டும் இல்லை என்பதால் உங்களிடம் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். 1974-இன் பிற்பகுதியில் ரப்பர் பம்பர் வந்தபோது அமெரிக்க விதிகளுக்காகக் காரின் உயரத்தைச் சுமார் ஒன்றரை அங்குலம் கூட்டினார்கள், அதே சமயம் முன்பக்க ஆன்ட்டி ரோல் பாரையும் (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி) எடுத்துவிட்டார்கள். 1977 மாடலில்தான் முன்னும் பின்னும் பார் திரும்ப வந்தது. உங்கள் கார் சரியாக அந்த இடைவெளியில் மாட்டியிருக்கிறது. ஆகவே முதல் செலவு முன் ஆன்ட்டி ரோல் பார். பழைய குரோம் பம்பர் கார்களின் உயரத்துக்கு இறக்குவது அடுத்தது. இந்த இரண்டிலேயே படகு காராகிவிடும்.

இனி ஷாக். எம்ஜிபியில் முன்பக்க லீவர் ஷாக்கின் கையே சக்கரத்தின் மேல் இணைப்பாகவும் இருக்கிறது. அதாவது அதன் அச்சில் தேய்மானம் வந்தால் அடக்கும் சக்தி போவதோடு கேம்பரும் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் கோணம்) ஆட ஆரம்பிக்கும். சில கிட்கள் பழைய ஷாக் உடலை வெறும் கீலாக விட்டுவிட்டு நீளவாக்கு ஷாக்கை வெளியே சேர்க்கின்றன, தேய்ந்த அச்சு அப்படியே இருக்கும், பிரச்சினையும் அப்படியே இருக்கும். நன்றாகப் பிரித்துப் புதுப்பித்த லீவர் ஷாக், சரியான எண்ணெய் மட்டத்தோடு, சாலையில் ஓட்டுகிறவருக்குப் போதும் என்பதே என் கருத்து. கெட்டியான எண்ணெய் ஊற்றிச் சமாளிக்கும் பழக்கம் உண்டு, ஓரளவுக்கு உதவும், ஆனால் அச்சில் ஒழுகல் இருந்தால் அது இரண்டு வாரக் கதை. பின்பக்கம் பட்டை ஸ்பிரிங் என்பதால் அங்கே மட்டும் நீளவாக்கு ஷாக் போடுவதில் நியாயம் இருக்கிறது. பட்டையின் முனை வளையங்களில் இருக்கும் புஷ்களையும் (இணைப்பில் உட்காரும் ரப்பர் உறை) சேர்த்து மாற்றிவிடுங்கள்.

கேள்வி: எல்லா ரப்பர் புஷ்ஷையும் எடுத்துவிட்டு பாலியூரித்தேன் போடலாம் என்று இருக்கிறேன்.

எல்லாவற்றையும் வேண்டாம். ரப்பர் புஷ் சுழலும்போது முறுக்கிக்கொண்டு திரும்புகிறது, எல்லாத் திசையிலும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறது. பாலி அப்படியல்ல, உள்குழாயின் மேல் வழுக்கிச் சுழல வேண்டும், கிரீஸ் வற்றினால் இறுகிக் கத்தும். நேராகச் சுழலும் சஸ்பென்ஷன் கைகளுக்கும் ஆன்ட்டி ரோல் பாருக்கும் பாலி நல்லது, ஸ்டீரிங் கூர்மையாகும். ஆனால் ஒரே சமயத்தில் இரண்டு மூன்று திசையில் அசைய வேண்டிய பின்பக்கக் கைகளில் கடினமான புஷ் போட்டால் சஸ்பென்ஷன் பிடித்துக்கொள்ளும், சாலையின் சின்னச் சின்ன அதிர்வு எல்லாம் இருக்கைக்கு வந்துவிடும். நாள்தோறும் ஓட்டும் காருக்குப் புதிய ரப்பரே பெரிய மாற்றம் தரும், பலரும் அதை நம்புவதில்லை.

கேள்வி: பின்பக்க ஆன்ட்டி ரோல் பாரை 20-லிருந்து 22 மில்லிமீட்டருக்கு மாற்றினால் தெரியுமா? இரண்டு மில்லிமீட்டர்தானே?

நன்றாகவே தெரியும். கம்பியின் விட்டம் நான்காம் மடியில் வேலை செய்கிறது, 10 சதவீதம் தடிமன் கூடினால் கடினம் 46 சதவீதம் கூடுகிறது. பின்சக்கர இழுவைக் காரில் பின்பக்கத்தை மட்டும் இப்படி இறுக்கினால் மழையில் வளைவில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் வால் வெளியே வரும். முன்பக்க பாரை முதலில் மாற்றிப் பாருங்கள், பின்பக்கம் அப்படியே இருக்கட்டும்.

கேள்வி: பிஎம்டபிள்யூ இசட்3, பின்சக்கரங்கள் உள்பக்கம் மட்டும் தேய்கின்றன. இறக்கும் ஸ்பிரிங் போட்டதிலிருந்துதான் இப்படி.

இதன் பின்பக்கம் ஈ30 (பிஎம்டபிள்யூவின் பழைய 3 சீரிஸ்) காலத்து செமி டிரெய்லிங் ஆர்ம், அதாவது சாய்வாக மாட்டிய ஒரு கை சக்கரத்தைத் தாங்கும் அமைப்பு. இறக்கினால் கேம்பரும் கூடும், டோவும் (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) மாறும், தொழிற்சாலையிலிருந்து வந்தபடி அங்கே இரண்டையும் சரிசெய்ய வழியில்லை. சரிசெய்யும் துளை வைத்த தகடுகளைப் பற்றவைக்கலாம், அல்லது உயரத்தைத் திரும்பக் கூட்டலாம். எதைச் செய்தாலும் அதற்கு முன் டிக்கியின் தரைவிரிப்பை எடுத்து, டிஃபரன்ஷியல் தொங்கும் இடத்தில் தகடு கிழிந்திருக்கிறதா, ஸ்பாட் வெல்டு விட்டிருக்கிறதா என்று விளக்கு அடித்துப் பாருங்கள். இசட்3-இல் அது தெரிந்த பலவீனம், கடினமான சஸ்பென்ஷன் அதைச் சீக்கிரப்படுத்தும்.

கேள்வி: வீட்டிலேயே நானே மாற்ற நினைக்கிறேன். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

ஸ்பிரிங்கை அமுக்கும் கருவி நல்லதாக இருக்கட்டும், அந்தக் கருவியால் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்காமல் ஷாக்கின் மேல் நட்டை மட்டும் ஒருபோதும் கழற்றாதீர்கள், உயிரோடு விளையாட்டு அது. ஜாக்கியை நம்பி அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்ட் வையுங்கள்.

இன்னொன்று, எனக்கே நேர்ந்தது. முதன்முதலில் புஷ் மாற்றியபோது சக்கரங்கள் தொங்கிக்கொண்டிருக்கும்போதே எல்லா போல்ட்டையும் முழுதாக இறுக்கிவிட்டேன். ரப்பர் புஷ்ஷின் உள்குழாய் அந்தத் தொங்கும் நிலையிலேயே பிடித்துக்கொண்டது, காரைக் கீழே இறக்கியதும் புஷ் எல்லாம் நிரந்தரமாக முறுக்கிய நிலையில் நின்றன. கார் வழக்கத்தைவிட உயரமாக நின்றது, ஒரு வருடத்துக்குள் புஷ்கள் கிழிந்தன, மொத்த வேலையையும் திரும்பச் செய்தேன். போல்ட்டுகளைக் கையால் லேசாக மட்டும் இறுக்கி வைத்து, காரைச் சக்கரத்தின் மேல் நிற்கவைத்து நாலு தடவை அமுக்கிவிட்டு, அந்த உயரத்தில்தான் கடைசி இறுக்கம் கொடுக்க வேண்டும்.

கேள்வி: எல்லாம் போட்டாயிற்று, அலைன்மென்ட்டுக்கு என்ன அளவு சொல்வது? என்னுடையது எம்எக்ஸ்-5.

சாலை ஓட்டத்துக்கு முன் கேம்பர் மைனஸ் 1 டிகிரி, பின் மைனஸ் 1.5, காஸ்டர் (பக்கவாட்டில் பார்த்தால் சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு) 5 டிகிரியை ஒட்டி, முன் டோ பூஜ்யம், பின் டோ சிறிதளவு உள்நோக்கி. உங்கள் எடைக்குச் சமமான மூட்டையை ஓட்டுநர் இருக்கையில் வைத்து, பாதி டேங்க் பெட்ரோலோடு அளக்கச் சொல்லுங்கள், இவ்வளவு லேசான காரில் ஒரு ஆளின் எடை அளவுகளையே மாற்றும். புதிய ஸ்பிரிங் படிவதற்குச் சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் போவது நல்லது. அலைன்மென்ட் போல்ட்டுகள் இந்தக் காரில் புஷ்ஷின் குழாயோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும், ஒரு வாரம் முன்பிருந்தே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள்.

கேள்வி: டயரில் பட்டன் நன்றாக இருக்கிறது, அதையும் மாற்ற வேண்டுமா?

டயரின் பக்கவாட்டில் கடைசி நாலு எண்ணைப் பாருங்கள், 2315 என்று இருந்தால் 2015-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது. கொஞ்சமாக ஓடும் காரில் பட்டன் தேயாது, ரப்பர் கல்லாகிவிடும். பத்து வருடம் ஆன டயரோடு நீங்கள் போடும் எந்த ஷாக்கையும் மதிப்பிடவே முடியாது, ஆகவே முதலில் டயரை மாற்றிவிட்டு அதே காரை ஒரு முறை ஓட்டிப் பாருங்கள், மேலே கேட்டவற்றில் பாதி கேள்வி உங்களுக்கு இல்லாமலே போகலாம்.