விறகுக் கணப்பு அடுப்பை இரவு முழுக்க எரியவிடலாமா? கதவைத் திறந்தால் புகை ஏன் வருகிறது?

உங்கள் கேள்வியில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. கண்ணாடிக் கதவுள்ள இரும்புக் கணப்பு அடுப்பு ஒன்றைப் புதிதாக வீட்டில் பொருத்தியிருக்கிறீர்கள். கட்டை போடக் கதவைத் திறக்கும்போதெல்லாம் அறைக்குள் புகை வருகிறது. இன்னொன்று, படுக்கப் போகுமுன் அடுப்பை நிரப்பி, காற்று நுழையும் திறப்பை இறுக மூடிவிட்டால் விடியும்வரை கனன்றுகொண்டிருக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். அப்படிச் செய்யலாமா என்று கேட்கிறீர்கள்.

இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: செய்யாதீர்கள். குளிர்காலம் முழுக்க விறகுக் கணப்பை நம்பியிருக்கும் வீடு எங்களுடையது. ஓங்கி எரியும் தழலைப் பார்த்துத்தான் புதியவர்கள் பயப்படுகிறார்கள். உண்மையில் பயப்பட வேண்டியது தழல் இல்லாமல் புகைந்துகொண்டே இருக்கும் நெருப்புக்குத்தான்.

கட்டையைச் சூடாக்கினால் முதலில் அதிலுள்ள நீர் ஆவியாகிறது. பிறகு மரம் சிதைந்து வாயுக்களை வெளிவிடுகிறது. நாம் பார்க்கும் தீநாக்கு அந்த வாயுக்கள் எரிவதுதான். விறகு தரும் வெப்பத்தில் பாதிக்கு மேல் அதிலிருந்தே கிடைக்கிறது. அவை நன்றாக எரிய ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸ் சூடும் போதிய காற்றும் வேண்டும். காற்றை மூடினால் கட்டை வாயுவை விடுவதை நிறுத்தாது, எரிவதுதான் நின்றுபோகும். எரியாத புகை மேலே ஏறிப் புகைபோக்கியின் குளிர்ந்த சுவரில் தாராகப் படிகிறது. குழாய்க்குள் புகையின் சூடு சுமார் 120 டிகிரிக்குக் கீழே இறங்கினால் இந்தப் படிவு வேகமாகச் சேரும். இதற்குக் கிரியோசோட் என்று பெயர். தொடக்கத்தில் கரித்தூளாக இருப்பது பிறகு செதிலாகும், கடைசியில் பளபளப்பான கெட்டித் தாராக இறுகிவிடும். அந்த நிலைக்கு வந்துவிட்டால் சாதாரணத் தூரிகைக்கு அசையாது. பிறகு என்றோ ஒருநாள் அடுப்பில் தீ ஓங்கும்போது அந்தப் படிவு பற்றிக்கொள்கிறது. புகைபோக்கிக்குள் எரியும் அந்தத் தீ 1000 டிகிரியைத் தாண்டக்கூடியது.

அதனால் இரவுக்கு நான் கடைப்பிடிக்கும் முறை வேறு. படுப்பதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே கடைசிக் கட்டைகளைப் போட்டு, பிரகாசமாக எரியவிட்டு, தணலாக அடங்கிய பிறகுதான் காற்றைக் குறைக்கிறேன். குறைப்பதுதான், முழுக்க அடைப்பதில்லை. புகைபோக்கியில் தனியாக அடைப்புத் தகடு இருந்தால் தணல் சிவந்திருக்கும்வரை அதைத் தொடவே கூடாது. தணலிலிருந்து கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காலையில் சாம்பலைக் கிளறினால் பெரும்பாலும் கங்கு இருக்கும். சுள்ளி போட்டால் பிடித்துக்கொள்ளும்.

இனி கட்டை போடும் விதம். புகை அறைக்குள் வருவதற்கு முக்கியக் காரணம், தழல் இன்னும் எரியும்போதே கதவை ஒரே வீச்சில் திறப்பது. தழல் அடங்கித் தணலாகும்வரை பொறுங்கள். பிறகு காற்றுத் திறப்பை முழுக்கத் திறந்துவிட்டு ஒரு நிமிடம் காத்திருங்கள். புகைபோக்கியின் இழுவை வலுக்கும். கதவை ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் விலக்கி, உள்ளே புகை பின்னோக்கி மேலே போவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்த பிறகு மெதுவாக முழுக்கத் திறங்கள். சமையலறையில் காற்றை வெளியே தள்ளும் விசிறி ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்திவிடுங்கள். அது வீட்டுக் காற்றை உறிஞ்சுவதால் புகைபோக்கியிலிருந்து புகையைக் கீழே இழுத்துவிடும். இத்தனைக்குப் பிறகும் புகை வந்தால் புகைபோக்கியில் அடைப்பு இருக்கலாம். ஆளை வரவழைத்துப் பார்க்கும்வரை அடுப்பைப் பற்றவைக்க வேண்டாம்.

திறந்ததும் தணலைக் கோலால் இழுத்துக் காற்று நுழையும் பக்கம் குவித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான அடுப்புகளில் அது கதவோரம்தான். கட்டைகளை அதற்குப் பின்னால், இரண்டு மூன்றாக, நடுவில் விரல் நுழையும் இடைவெளி விட்டு வையுங்கள். எறியாதீர்கள். உள்ளே பக்கச் சுவராக இருக்கும் செங்கல்லும், மேலே இருக்கும் தடுப்புத் தகடும் அடிபட்டால் விரிசல் விடும். கட்டை கண்ணாடியைத் தொடக் கூடாது. அடுப்பு போதிய ஆழமாக இருந்தால் வெட்டுமுனை கதவைப் பார்க்கும்படி வையுங்கள். குறுக்காக அடுக்கிய கட்டை எரிந்து மெலியும்போது உருண்டு கண்ணாடிமேல் சாய்ந்துவிடும், அந்த நேரம் கதவைத் திறந்தால் நேராகத் தரைக்கு வரும்.

அடுத்த பத்து நிமிடங்கள் அடுப்பை விட்டு நகராதீர்கள். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். காற்று முழுக்கத் திறந்தபடி இருக்க, புதுக் கட்டையின் விளிம்புகள் எல்லாம் கருகி, தழல் சுற்றிப் பிடித்த பிறகுதான் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். ஒவ்வொரு முறை குறைத்த பின்னும் தழலைப் பாருங்கள். மஞ்சளாக நிதானமாக அசைந்தால் சரி. ஆரஞ்சாக மங்கிச் சுருங்கினால் குறைத்தது அதிகம், மறுபடி திறங்கள். மறந்துபோய்க் காற்றைத் திறந்தே விட்டால் இரும்பு சிவக்கும் அளவுக்குச் சூடேறிவிடும். அப்போது கதவைத் திறக்காமல் காற்றை மட்டும் குறைக்க வேண்டும். புகைபோக்கிக் குழாயில் காந்தத்தால் ஒட்டும் வெப்பமானி ஒன்றை வைத்துக்கொண்டால் இந்தத் தடுமாற்றம் குறையும்.

இவ்வளவும் உலர்ந்த விறகுக்குத்தான். புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் பாதிவரை நீர் இருக்கலாம். எரிக்க உகந்தது 20 சதவீதத்துக்குக் கீழே. அதற்குக் கட்டையைப் பிளந்து, மேலே மட்டும் மூடி, பக்கங்களில் காற்றோடும்படி அடுக்கி, மரத்தைப் பொறுத்து ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுவரை வைக்க வேண்டும். ஈரமானி இருந்தால் கட்டையைப் புதிதாகப் பிளந்து உள்முகத்தில் குத்திப் பாருங்கள், வெளிமுகம் ஏமாற்றும். இல்லாவிட்டால் இரண்டு கட்டைகளைத் தட்டிப் பாருங்கள். உலர்ந்தவை கணீரென்று ஒலிக்கும், ஈரமானவை பொத்தென்று சத்தமிடும். கண்ணாடி அடிக்கடி கறுத்தால் ஒன்று விறகு ஈரம், அல்லது காற்று போதவில்லை.

வர்ணம் பூசிய பலகை, ஒட்டுப்பலகை, பூச்சி அரிக்காமல் மருந்து ஏற்றிய மரம், பிளாஸ்டிக், கடலில் மிதந்து வந்த கட்டை எதையும் உள்ளே போடாதீர்கள். பற்றவைக்க மண்ணெண்ணெயோ பெட்ரோலோ ஒருபோதும் வேண்டாம். துணி, நாற்காலி, விறகுக் கூடை எல்லாம் அடுப்பிலிருந்து குறைந்தது ஒரு மீட்டர் தள்ளியே இருக்கட்டும். உங்கள் அடுப்பின் கையேடு இன்னும் கூடுதலாகச் சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

சாம்பல் விஷயத்தில் பலர் அலட்சியமாக இருக்கிறார்கள். ஆறியதாகத் தெரியும் சாம்பலுக்குள் கங்கு நாள்கணக்கில் உயிரோடிருக்கும். மூடியுள்ள உலோக வாளியில் அள்ளி, வெளியே, வீட்டுச் சுவரிலிருந்தும் மரத்தரையிலிருந்தும் விலக்கி வையுங்கள். அட்டைப்பெட்டி, பிளாஸ்டிக் பை, தூசி உறிஞ்சும் இயந்திரம் எதற்கும் அதில் வேலையில்லை. மொத்தமாக வழித்தெடுக்கவும் வேண்டாம். கம்பித் தட்டு இல்லாத அடுப்பில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் சாம்பல் படுக்கை இருந்தால் தணல் நன்றாக நிற்கும்.

ஆண்டுக்கு ஒருமுறையாவது புகைபோக்கியைத் தொழில் தெரிந்தவரை வைத்துச் சுத்தம் செய்யுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் அடுப்பு இருக்கும் அறையிலும் படுக்கையறைப் பக்கமும் கட்டாயம் வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் சேர்ந்தாற்போல் தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு வந்து, வெளியே போனால் குறைகிறது என்றால் அலாரம் ஒலிக்கும்வரை காத்திருக்காதீர்கள். எல்லோரையும் வெளியே அழைத்து வந்து அவசர உதவிக்குப் பேசுங்கள்.

புகைபோக்கிக்குள் ரயில் ஓடுவதைப் போன்ற இரைச்சல் கேட்டால் அது தீப்பிடித்துவிட்டது என்று பொருள். கதவையும் காற்றுத் திறப்பையும் மூடுங்கள், எல்லோரையும் வெளியேற்றுங்கள், தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், கொதிக்கும் குழாயும் செங்கல்லும் வெடிக்கும். தீ அடங்கிவிட்டாலும், குழாயின் உட்புறத்தைச் சோதித்து விரிசல் இல்லை என்று ஒருவர் உறுதி சொல்லும்வரை அடுப்பை மறுபடி பற்றவைக்கக் கூடாது.